கட்டுச்சாதமும் காட்டுயிரும்: திருச்சி, திருவரங்கக் குடும்ப உலாவில் உணவின் முதன்மை குறித்த ஓர் ஆய்வு

விடுமுறை நாளில் ஒரு குடும்பம் வேன் பிடித்துக்கொண்டு திருச்சியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறது. திருவரங்கத்தில் யானை, மேலூரில் வண்ணத்துப்பூச்சி, கம்பரசம்பேட்டையில் பறவை, முக்கொம்பில் அணை, முடிந்தால் மலைக்கோட்டை என்று திட்டமெல்லாம் முதல் நாள் இரவே பெரியப்பாவின் டைரியில் ஏறிவிட்டது. மறுநாள் இரவு எல்லோரும் கால் வீங்கித் திரும்பியதும், வீட்டுக் காவலுக்கு இருந்த தாத்தா கேட்கிறார்: "எல்லாம் எப்படிப்பா இருந்துச்சு?" வருகிற முதல் பதில்: "புளியோதரையில உப்புதான் ஒரு கல்லு தூக்கல்." யானையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இந்தப் பதிலின் கனத்தை ஆய்வுலகம் இன்றுவரை உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஊர் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள் தங்கினார்கள் என்றெல்லாம் கணக்கெடுக்கிறார்கள். என்ன கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்கும் படிவம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. இதன் கருதுகோள்: குடும்ப உலாவை நடத்துவது கட்டுச்சாதம். போகும் இடம், போகும் நேரம், உட்காரும் நிழல், ஏறாமல் விடும் படி எல்லாம் அதன் முடிவு. காட்டுயிர்கள் அது போகும் வழியில் எதிர்ப்படுகிறவை, அவ்வளவே.

முதல் சான்றைத் தொல்காப்பியமே தருகிறது. அகத்திணையியலில் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும் தொல்காப்பியர் தெய்வத்தை முதலில் வைக்கிறார். அடுத்தது உணவு. அதற்கும் பின்னால்தான் விலங்கு, மரம், பறவை. பிறகு பறை, தொழில், யாழ். யாப்புக்காக அப்படி அமைந்த வரிசை அது என்று இலக்கணம் படித்த நண்பர் ஒருவர் சொன்னார். அவர் யாப்பு படித்தவர். வேனில் போனவர் அல்லர். போனவர்களுக்கு அது நிகழ்ச்சி நிரல் என்பது பார்த்தவுடன் விளங்கும். காலையில் திருவரங்கத்தில் தெய்வம். பிறகு முக்கொம்பில் உணவு. உணவைத் தேடி வருகிற விலங்கு. அதன்பின் மேலூர் நட்சத்திர வனத்தில் மரம். பொழுது சாயும்போது பறவைப் பூங்காவில் பறவை. பறை என்பது சின்னவன் கோயில் வாசலில் வாங்கி வழிநெடுக ஊதும் பீப்பி. யாழ், டிரைவர் அண்ணன் போடுகிற பழைய இளையராஜா. பாட்டை மாற்றச் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. தொழில், பாத்திரம் கழுவுவது.

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் இந்தப் பாதை கிறுக்குத்தனமாகத் தெரியும். திருவரங்கத்திலிருந்து மேற்கே முக்கொம்பு, மறுபடி கிழக்கே மேலூர், ஆற்றைத் தாண்டிக் கம்பரசம்பேட்டை, அப்புறம் மலைக்கோட்டை. டீசல் கணக்குப் பார்க்கிறவர் இப்படிப் போக மாட்டார். சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கிறவருக்கு வேறு வழி கிடையாது.

அடுத்த சான்று புராணத்தில் கிடைக்கிறது. அயோத்தியிலிருந்து அரங்கவிமானத்தைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குக் கிளம்பிய விபீஷணன், சந்தி செய்யக் காவிரிக்கரையில் இறங்கினான். கீழே வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அங்கே நின்ற ஒரு பையனிடம் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பையன் வைத்துவிட்டான். விமானம் அசைய மறுத்துவிட்டது. கோபத்தோடு பையனைத் துரத்திக்கொண்டு பாறை உச்சிவரை ஏறிய விபீஷணன் அவன் நெற்றியில் ஓங்கி ஒரு குட்டு வைத்தான். பையன் பிள்ளையார், அந்தக் குட்டின் தழும்பை உச்சிப்பிள்ளையார் நெற்றியில் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். ஆக, திருவரங்கத்தையும் மலைக்கோட்டையையும் ஒரே நாளில் முடித்த முதல் வெளியூர்க்காரன் விபீஷணன்தான். அவன் சுமையோடு மலையேறவில்லை என்பதும், இறக்கிய சுமையை அவனால் மறுபடி தூக்க முடியவில்லை என்பதும் நமக்கு முக்கியம். காவிரிக்கரையில் இறக்கியது இறக்கியதுதான். ஜமக்காளத்தை விரித்து, கேரியரைப் பிரித்து, காலை நீட்டி உட்கார்ந்துவிட்ட அத்தையை எழுப்பிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் உரை வேண்டியதில்லை.

ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத சான்று ஜீயபுரத்தில் இருக்கிறது. கரூர் சாலையில், முக்கொம்புக்குப் போகிறவர்கள் கடக்கும் ஊர். பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் திருவரங்கத்திலிருந்து பல்லக்கில் அந்த ஊருக்கு எழுந்தருளுகிறார். காரணமாகச் சொல்லப்படும் கதை இது. ஜீயபுரத்தில் ஒரு பாட்டி. அவளுக்கு ரங்கன் என்று ஒரு பேரன். முகச்சவரம் செய்துகொண்டு ஆற்றில் குளிக்கப் போனவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. "ரங்கா, ரங்கா" என்று பாட்டி கரையில் நின்று கதற, அரங்கனே பேரன் உருவில் வந்து நின்றான். வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நிஜப் பேரனும் கரையேறி வந்து சேர்ந்தான். முதலில் வந்தவன் மறைந்தான். அந்த நினைவில் இன்றும் ஜீயபுரத்தில் பெருமாளுக்கு முகத் திருத்தம் நடக்கிறது. பழைய சோறும் மாவடுவும் அமுது செய்விக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். 156 ஏக்கரில், ஏழு பிராகாரம், 21 கோபுரத்தோடு மடைப்பள்ளியும் வைத்திருப்பவர், ஊரை விட்டு மேற்கே ஒரு நாள் கிளம்பிப் போகிறார். போன இடத்தில் அவருக்குத் தயிர்சோற்று வகையும் ஊறுகாய் வகையும் தேவைப்படுகின்றன. சாதாரண வேன் பயணிகள் எம்மாத்திரம்?

இனி முறையியல். தயிர்சாதத்தைத் தயிர் ஊற்றிப் பிசைந்து எடுத்துப் போகிறவர் உலாவுக்குப் புதியவர். விவரம் தெரிந்த வீட்டில் விடிகாலை ஐந்துக்கே அரிசியைக் குழைய வடித்து, சூட்டோடு மத்தால் மசித்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றுவார்கள். தயிர் ஒரே ஒரு கரண்டி. கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடினால், வேனில் ஏறும்போது அது பால்சாதம். வண்டி போகப் போக உறை பிடிக்கிறது. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிருக்கு 40 டிகிரியை ஒட்டிய சூடு இருந்தால் கொண்டாட்டம். சித்திரை, வைகாசியில் திருச்சியில் ஓடும் வேனின் பின்சீட்டுக்கு அடியில் அந்தச் சூடு இலவசம். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் பதம். ஒன்றரைக்குப் புளிப்பு எட்டிப் பார்க்கும். இரண்டரைக்கு மேல் அதை வீட்டு ஆண்கள்தான் சாப்பிட்டாக வேண்டும்.

வண்ணத்துப்பூச்சிக்கும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. நம்மைப் போல உடம்புச் சூட்டை உள்ளிருந்தே காத்துக்கொள்ளும் உயிர் அல்ல அது. காலையில் இறக்கையை விரித்து வெயில் காய்ந்து, பறக்கும் தசைகள் சூடேறிய பிறகே பூவுக்குக் கிளம்பும். காலை வெயிலில் அலைச்சல். உச்சி வெயில் ஏறியதும் இலைக்கு அடியில் ஒதுங்கிவிடும். எனவே அதைப் பார்க்கத் தோதான வேளை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை. அந்த நேரத்தில் குடும்பம் திருவரங்கத்தில் வரிசையில் நிற்கிறது.

பதினொன்றே முக்காலுக்கு வேனில் ஏறும்போது சின்ன மாமா மெல்ல ஆரம்பிக்கிறார்: "மேலூர் பக்கத்துலதான் இருக்கு. பூச்சியைப் பார்த்துட்டே போயிடலாமே, அக்கா." அத்தை மறுத்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. சம்படத்தை மடியில் எடுத்து வைத்து, மூடியை ஒரு விரல் அளவுக்குத் தூக்கி, முகர்ந்து பார்த்துவிட்டு மூடுகிறார். "ம்" என்கிறார். டிரைவர் முக்கொம்புக்கு வண்டியைத் திருப்புகிறார். இதை நேரில் கண்டிராதவர்கள், மனித முடிவுகளில் நுண்ணுயிர்களின் பங்கு பற்றிப் பேசத் தகுதியில்லாதவர்கள்.

வரிசையில் நின்ற நேரம் வீண் என்று சொல்ல மாட்டேன். திருவரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூப தரிசனத்தின்போது பசுவும் யானையும் சன்னதி முன் கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றன. நாள்தோறும் படுத்த இடத்திலேயே காட்டுயிர் காணும் பேறு அரங்கனுக்கு மட்டும் வாய்த்திருக்கிறது. மற்றவர்களுக்கு வேன் வாடகை ஆகிறது. கோயில் யானை ஆண்டாள் மவுத் ஆர்கன் வாசிப்பதில் பேர் பெற்றது. 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்க்க வைத்துக் கழுத்து வலி வரவழைத்த பெரியவர்களைப் பிள்ளைகள் மன்னித்தது அந்த மவுத் ஆர்கனுக்காகத்தான்.

பக்கத்துத் திருவானைக்காவலில் விலங்கியல் இன்னும் ஆழமானது. நாவல் மரத்தடி லிங்கத்துக்குச் சருகு விழாமல் சிலந்தி வலை பின்னியது. அபிஷேகம் செய்ய வந்த யானை அதை அசுத்தமென்று கலைத்தது. ஆத்திரத்தில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டுமே மாண்டன. சிலந்தி மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகி, யானை நுழைய முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது. பகை அப்படிப்பட்டது. இன்றைய நிலவரம்: அதே கோயிலில் அகிலா என்ற யானைக்குக் குளித்து விளையாடத் தனிக் குளம் இருக்கிறது. சிலந்திக்கென்று எதுவும் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை. பார்க்கிற இடத்தில் ஒட்டடைக் கம்பால் அடிக்கிறார்கள். பழைய ராஜா என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1836-இல் மேலணை கட்டத் தொடங்கிய இடம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடப் பக்கத்துப் பழைய அணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும், பிறகு பக்கத்திலேயே புதுக் கதவணை எழுந்ததும் பெரியப்பாவுக்கு மனப்பாடம். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜமக்காளம் விரிக்கப்பட்டுவிட்டது. இந்த ஆய்வின் மையமான களப்பணி இங்கேதான்.

நிழல் தேர்வு அத்தையுடையது. குழாய்க்குப் பக்கம், எறும்புப் புற்றுக்குத் தூரம், காற்று வரும் திசை, மேலே காக்கைக் கூடு இல்லாத கிளை: நான்கும் பொருந்திய மரத்தை அவர் நடந்தபடியே கண்டுபிடிப்பார். பாக்குமட்டைத் தட்டு ஆளுக்கொன்று. முதலில் புளியோதரை, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ். அடுத்து எலுமிச்சை சாதம். கடைசியில் தயிர்சாதமும் மாவடுவும். இந்த முறை மாறினால் பாட்டி சாப்பிட மாட்டார்.

அப்போதுதான் விலங்கு வருகிறது. நாட்டுக் குரங்கு, தலைமயிரை நடு வகிடு எடுத்துச் சீவிவிட்ட மாதிரி, அரசாங்க அலுவலரின் முகபாவத்தோடு. இதற்குக் கன்னத்தின் உட்புறம் பை உண்டு. கிடைத்ததை அவசரமாக அதில் திணித்துக்கொண்டு, ஆபத்தில்லாத கிளைக்குப் போய் நிதானமாக மெல்லும். கட்டிக்கொண்டு போய் வேறிடத்தில் சாப்பிடும் பழக்கம் உள்ள வகையில், அன்று கண்ட உயிர்களிலெல்லாம் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். நான் பார்த்த குரங்கு புளியோதரைச் சம்படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. சின்னவனின் முழங்காலடியில் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தது. கிழிக்கும் வெட்டு எந்த மூலையில் இருக்கிறது என்று நாம் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவோம், அது தேடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து நடுவில் ஒரு கடி. காற்று புஸ்ஸென்று போனதும் ஒரு கணம் பாக்கெட்டை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது. பிறகு கன்னம் இரண்டும் பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளைபோல் உப்ப, மரத்துக்கு மேலே போய்விட்டது. காலி பாக்கெட் மட்டும் பெரியப்பாவின் தலையில் விழுந்தது. (குரங்குக்கு நாமாக எடுத்துக் கொடுப்பது தவறு. கொடுக்கக் கொடுக்கத்தான் அது பறிக்கக் கற்கிறது. இது ஆய்வு முடிவல்ல, வேண்டுகோள்.)

தொல்காப்பிய மரபியலில் மக்களுக்கு ஆறறிவு என்று சொல்லுமிடத்தில், விலங்குகளிலும் சில அதற்கு உரியவை என்று ஒரு குறிப்பு வருகிறது. கிளி, குரங்கு, யானை என்று உரையில் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரே வேனில் ஒரே நாளில் இந்த மூன்றையும் பார்த்துவிடக்கூடிய ஊர் திருச்சி. உரைகாரர் எந்த ஊர்க்காரரோ, ஒரு தடவையாவது குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்திருப்பார் என்பது என் துணிபு.

சாப்பிட்டு, ஒரு சாய்வு சாய்ந்து எழுந்து, மூன்று மணி சுமாருக்கு மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில், 25 ஏக்கரில், 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. தேன் குடிக்கப் பூச்செடிகள், முட்டையிட வேறு செடிகள் என்று இரண்டு வகையும் தேடி வளர்த்திருக்கிறார்கள். பூவை மட்டும் வைத்தால் வண்ணத்துப்பூச்சி விருந்தாளியாக வந்து போகும். புழு தின்னும் செடியையும் வைத்தால்தான் குடித்தனம் இருக்கும். வெந்தய வரியனுக்கு எருக்கு. சிவப்புடல் அழகிக்கு ஆடுதின்னாப்பாளை. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை. கறிவேப்பிலை அழகி என்று ஒன்று உண்டு. கருத்த இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. அதன் புழுவுக்குக் கறிவேப்பிலை அமிர்தம்.

இங்கே நம் ஆய்வு ஒரு திடுக்கிடும் தரவைச் சந்திக்கிறது. மதியம் முக்கொம்பில் எல்லாத் தட்டுகளின் ஓரத்திலும் ஒரே பொருள்தான் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது: தாளித்த கறிவேப்பிலை. சின்னவன் அதைப் பொறுக்கி எடுத்து அண்ணன் தட்டில் வைத்ததில் ஒரு சண்டையே நடந்தது. எந்த இலையை ஒதுக்கினார்களோ, அதே இலையில் வளர்ந்த உயிரைப் பார்க்கக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். பார்க்கவும் முடியவில்லை. மணி மூன்று, அவை ஒதுங்கி ஓய்வெடுக்கின்றன. 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தார்.

ஆனால் யாருக்கும் ஏமாற்றமில்லை. காரணம், அங்கே நட்சத்திர வனம் இருக்கிறது. 27 நட்சத்திரத்துக்கும் தலா ஒரு மரம். வண்ணத்துப்பூச்சிக்கு மூன்று நிமிடம் செலவிட்ட குடும்பம் இங்கே முக்கால் மணி நேரம் நின்றது. பரணிக்கு நெல்லி என்றதும் பெரியம்மா முகத்தில் பெருமை. ரோகிணிக்கு நாவல், அதுதான் ஆனைக்காவல் தலமரம் என்றதும் மருமகள் இரண்டு போட்டோ கேட்டாள். பாட்டிக்கு அசுவினி. அசுவினிக்கு எட்டி. "எட்டின்னா விஷமில்லையா பாட்டி?" என்று சின்னவன் கேட்டான். மரத்தையும் பாட்டியையும் மருமகள் மாறி மாறிப் பார்த்த பார்வையைப் பதிவு செய்ய என்னிடம் கருவி இல்லை.

அடுத்தது கம்பரசம்பேட்டைப் பறவைப் பூங்கா. 2025-இல் காவிரிக்கரையில் திறக்கப்பட்டது. குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து நிலத்தையும் உள்ளே அமைத்திருக்கிறார்கள். தலைவி பிரிவாற்றாது வருந்த வேண்டிய பாலையைப் பெரியப்பா குடும்பம் நான்கு நிமிடத்தில் கடந்தது. கழிப்பறை எந்தத் திணையில் இருக்கிறது என்று தேடியதுதான் அதிக நேரம்.

மலைக்கோட்டை எப்போதும் கடைசியில் வருவதற்கு ஒரு விதி இருக்கிறது: ஏறத் தகும் உயரம் கேரியரின் எடைக்கு எதிர்விகிதம். காலையில் நிறைந்த கேரியரோடு 83 மீட்டர் பாறையை அண்ணாந்து பார்த்தவர்கள் "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்றார்கள். சாயங்காலம் கேரியர் காலி. ஆனால் அது இருந்த இடம் வயிறாக மாறிவிட்டதால் மொத்த எடை குறையவில்லை. பாதிப் பேர் தாயுமானவர் சன்னதியோடு நின்றார்கள். இதற்கு மேல் விதியைத் திருத்த வேண்டுமா என்பது இயற்பியலாளர்கள் பார்க்க வேண்டியது.

கோட்பாட்டுக்கு அடங்காத நிகழ்வு ஒன்றையும் பதிவு செய்தாக வேண்டும். காலையில் கோயிலில், தன் கையால் கிளறிய புளியோதரை வேனில் நிரம்பிக் கிடக்கும்போதே, அத்தை பிரசாத ஸ்டாலில் நான்கு பொட்டலம் புளியோதரை வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "அது பிரசாதம்டா. இது சாப்பாடு" என்றார். கேட்டவன் முனைவர் பட்டம் பெற்றவன், மறுபேச்சுப் பேசவில்லை.

இன்னொரு பள்ளியினரும் இருக்கிறார்கள். வெறுங்கையோடு முக்கொம்புக்கு வந்து, அங்கேயே பொரித்து விற்கும் ஆற்றுமீனை வாங்கி, காகிதத் தட்டில் வெங்காயம் எலுமிச்சையோடு வைத்துக்கொண்டு, நிழல், குழாய், எறும்பு எதையும் பார்க்காமல் நின்றபடியே சாப்பிடுகிறவர்கள். இவர்களுடைய உலாவில் தயிர் கடிகாரம் இல்லை. எனவே இவர்கள் காலை பத்து மணிக்கே வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துவிடக்கூடும். இந்த ஐயம் தீர்க்கப்பட வேண்டியது. சைவனான என்னால் அந்தக் களப்பணியைச் செய்ய இயலாது. மச்சான் ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்பணம் ஐந்நூறு கேட்கிறார். மாதிரிகள் சிறிதாக இருந்தால் முடிவு நம்பகமாக இருக்காதாம்.